நீல டிரம்முக்குள் கத்திய தவளை

தெரிந்ததையெல்லாம் சொல்லிக்கொடுத்தே தீருவேன் என்கிற வாத்தியார் ஊருக்கு ஆபத்து. நான் அப்படித்தான் இருந்தேன். (இப்போது குறைத்துக்கொண்டேன். உடம்பில் தெம்பில்லை.)

மரக்காணத்தில் ஒரு தனியார் பள்ளியில் தற்காலிக அறிவியல் ஆசிரியர் வேலை. கோடை விடுமுறைக்கு முன்னால் கண்காட்சி. அது நன்றாக அமைந்தால் வேலையை நிரந்தரமாக்குவதாகத் தாளாளர் சொல்லியிருந்தார்.

நான் அமேசான் காட்டை எடுத்துக்கொண்டேன். அங்கே பால் தவளை என்று ஒன்று உண்டு. தரைக்கு இறங்குவதே அபூர்வம். உயரத்தில், மரப்பொந்தில் தேங்கிய தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு ஆண் தவளை கத்தும். பொந்து அந்தச் சத்தத்தைப் பெரிதாக்கிக் காடெல்லாம் அனுப்பும். இதைப் படம் வரைந்து காட்டினால் போதாதா? எனக்குப் போதவில்லை. நீலத் தண்ணீர் டிரம் ஒன்றுக்குப் பச்சைத் துணி சுற்றி, பிரேயர் ஸ்பீக்கரை அதற்குள் இறக்கி, தவளைக் குரலை ஓடவிட்டேன்.

"பிரமாதம்பா! இன்னும் கொஞ்சம் சத்தமா வை" என்றார் தாளாளர். வைத்தேன்.

பள்ளி மதிலுக்குப் பின்னால் உப்பளம். அதுவும் அவருடையதுதான். அன்றைக்கென்று வானம் மூட்டமாக இருந்தது. மேகத்தோடு தவளைச் சத்தமும் சேர்ந்தால், அது அமேசான் தவளையா மரக்காணத்துத் தவளையா என்று உப்பளத்தில் யாரும் விசாரிக்க மாட்டார்கள். மழை விழுந்தால் பாத்தியில் விளைந்தது மொத்தமும் கரைந்துவிடும். வேலையாட்கள் சாப்பாட்டைப் பாதியில் போட்டுவிட்டு ஓடி, முற்றாத உப்பைச் சேற்றோடு வாரிக் கரையில் குவித்துவிட்டார்கள். விஷயம் தெரிந்து நானும் தாளாளரும் போய் நின்றபோது வெயில் சுள்ளென்று அடித்தது.

"எவன் சொன்னது மழை வருதுன்னு?" என்று கத்தினார் தாளாளர்.

கூட்டத்திலிருந்து என் அம்மா முன்னால் வந்தாள். வருடக்கணக்காக அங்கேதான் அவளுக்குக் கூலி வேலை.

"நான்தாங்க சொன்னேன். தவளை அந்தக் கத்து கத்துச்சுங்க. வேணும்னா எம்பையன் உங்க பக்கத்துலயே நிக்கிறான், வாத்தியாரு, அவனையே கேளுங்க. அவன் பொய் சொல்லமாட்டான்."

நான் பொய் சொல்லவில்லை. டிரம் முதல் ஸ்பீக்கர் வரை எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டாள். தோல் உரிந்திருந்தது. அவ்வளவு வெட்கமாக நான் என்றைக்கும் நின்றதில்லை.

வேலை நிரந்தரமாக இன்னும் மூன்று வருடம் ஆனது. அது கூட ஆறிவிட்டது. ஆனால் ஐப்பசியில் நிஜமாகவே வானம் இடிக்கும்போது, அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்கிறாள்: "டேய், நீயா?"

இப்போது என் மனைவியும் பிள்ளைகளும் கூடவே கேட்கிறார்கள். ஒவ்வொரு இடிக்கும் "நான் இல்ல" என்று சொல்லியே ஒவ்வொரு மழைக்காலமும் எனக்குக் கழிகிறது.