லிட்டருக்கு முப்பத்தொன்று

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் நம்ம கண்ணாடிக்காரர் தாமாகவே எடுத்த முடிவு மொத்தம் ஒன்றுதான். அது ஒரு சின்ன டீசல் கார். ஜன்னல் திரையின் நிறத்திலிருந்து அவர் தலையில் வகிடு எந்தப் பக்கம் என்பதுவரை மற்றதெல்லாம் அம்மணியின் தீர்ப்பு. மேல்முறையீடு கிடையாது.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பதால் தெருவே அவரைக் கண்ணாடிக்காரர் என்றுதான் கூப்பிடும். அம்மணிக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. ஒரு துளி ரத்தத்தை வைத்துக்கொண்டு, "பத்தியம்னு சொன்னீங்களே, நேத்து அல்வா தின்னீங்களா?" என்று முகத்துக்கு நேரே கேட்டுவிடுகிறவள். அப்பேர்ப்பட்டவளிடம் எவனாவது பொய் சொல்லுவானா? நம்மவர் சொன்னார். அதுதான் கதை.

கார் வாசலுக்கு வந்த அன்றைக்கே தகராறு.

"லிட்டருக்கு இருபத்தேழு கிலோமீட்டர்! கம்பெனிக்காரனே அச்சடிச்சுக் குடுத்திருக்கான்."

"அது வெறும் வயித்துல எடுத்த சர்க்கரைங்க."

"என்னது?"

"ஏசி போடாம, சிக்னல்ல நிக்காம, ஆளே இல்லாத ரோட்டுல ஓட்டிப் பார்த்திருப்பான். அந்தக் கணக்கு வேற. நம்ம வீட்டுல சாப்பிட்டதுக்கப்புறம் எவ்வளவுன்னு எடுத்துப் பார்த்தாத்தான் தெரியும்."

"சரி, உனக்காக இறங்கி வரேன். இருபத்திரண்டு! அதுக்கு ஒரு சொட்டு குறையாது."

"குறைஞ்சா?"

"குறைஞ்சா கார் சாவி உன் கையில. இனிமே இந்த வீட்டுக்கு ஒரு ஸ்பூன் வாங்கறதா இருந்தாலும் உன்னைக் கேட்டுத்தான் வாங்குவேன்."

"இப்பவும் அப்படித்தானே வாங்கறீங்க?"

அதை அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. "ஜெயிச்சா, இந்த வண்டி விஷயத்துல நீ வாயே திறக்கக்கூடாது. சம்மதமா?"

சம்மதம். மூன்று மாதம் கெடு. ஒவ்வொரு மாதமும் முதல் தேதி வீட்டுச் செலவுப் பணத்தில் டாங்கை வாய்வரைக்கும் நிரப்புவது. அடுத்த முதல் தேதி மறுபடியும் நிரப்பி, ஓடிய தூரத்தை ஊற்றிய லிட்டரால் வகுப்பது. கணக்கு இவ்வளவுதான். ஒரு குழந்தையைக்கூட இதில் ஏமாற்ற முடியாது என்றாள் அம்மணி.

அன்றிலிருந்து கண்ணாடிக்காரர் காரைத் தொட்டில் மாதிரி ஓட்ட ஆரம்பித்தார். கனம் குறையட்டும் என்று மாற்று டயரை எடுத்து வீட்டில் கட்டிலுக்கடியில் தள்ளினார். காருக்குள் விரித்திருந்த மிதியடிகளை உருவினார். அம்மணியின் கைப்பையைக்கூட ஒரு நாள் சந்தேகத்தோடு தூக்கிப் பார்த்தார்.

"இதுல அப்படி என்னம்மா வெச்சிருக்கே?"

"என்னையும் இறக்கி விட்டுடுங்களேன், வண்டி பறக்கும்!"

ஏசி கிடையாது. ஜன்னலும் திறக்கக் கூடாது.

"ஜன்னலைத் திறந்தா காத்து இழுக்கும். மைலேஜ் போயிடும்."

"மூடினா உயிர் போயிடும்ங்க!"

ஒரு வாரம் ஆயிற்று. எப்படியும் இருபத்தைந்தாவது தேறும் என்று அவருக்கு ஒரே குஷி. அம்மணிக்குத் தெரியாமல் ஒரு சோதனை போட்டுப் பார்த்துவிடுவோம் என்று சனிக்கிழமை சாயங்காலம் பங்க்குக்குப் போனார். சாப்பாடு, டீ என்று சாக்கு வைத்து நாளைக்கு நாலு தடவை கடைக்கும் வீட்டுக்குமாகப் போய் வந்ததில் நூற்றறுபது கிலோமீட்டர் ஓடியிருந்தது. டாங்க் நிறைய எவ்வளவு பிடிக்கிறது? பத்து லிட்டர். பதினாறு! அவர் முகத்தில் ஈயாடவில்லை.

நேராகப் பக்கத்து வீட்டுக்கு ஓடினார். அங்கே இருப்பவர் முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். தெருவுக்கே அவர் கியர் மாமா.

"மாமா, வண்டியில ஏதாவது கோளாறா?"

"வண்டியில இல்ல தம்பி. வீட்டுலேர்ந்து உன் கடை எவ்வளவு தூரம்?"

"மூணு கிலோமீட்டர்."

"நடுவுல எத்தனை சிக்னல்?"

"ஏழு."

"டீசல் இன்ஜின் சூடாகி சோம்பல் முறிக்கறதுக்குள்ள நீ கடைக்குள்ள போய் உக்காந்துடறே. அப்புறம் அது எங்கேர்ந்து குடுக்கும்? இது தூரம் ஓடற குதிரை. நீ அதை வெச்சுக்கிட்டு அடுப்படிக்கும் கூடத்துக்கும் நடை போடறே."

"இதை நான் வாங்கறதுக்கு முன்னாடி சொல்லக்கூடாதா மாமா?"

"நீ கேட்டியா?"

கேட்கவில்லைதான். வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை யாரையுமே கேட்காமல் ஒரு காரியம் செய்யவேண்டும் என்பதுதானே அவர் ஆசை! அந்த ஒன்றும் இப்படிப் புட்டுக்கொண்டதே! காருக்குள் போய் உட்கார்ந்து ஸ்டியரிங்கைத் தடவிக் கொடுத்தார். உன்னை விட்டுக் கொடுக்க மாட்டேன்டா என்று வாய்விட்டே சொன்னார்.

அப்போதுதான் பளிச்சென்று பட்டது. இப்போது கைக்காசு போட்டு ஊற்றிய பத்து லிட்டர் யார் கணக்கில்? யார் கணக்கிலும் இல்லை! முதல் தேதி வகுக்கும்போது அது வராது. சோதனைக்கென்று ஊற்றியது மோசடியாக மாறியது இப்படித்தான். அவராகத் திட்டம் போடவில்லை, பாவம், வந்து விழுந்தது.

அதற்கப்புறம் சனிக்கிழமைதோறும், "டயருக்குக் காத்து பிடிச்சுட்டு வரேன்," என்று கிளம்பிவிடுவார்.

"போன வாரம்தானே பிடிச்சீங்க?"

"இறங்கிடுச்சு."

"நாலு டயரும் ஒரே நாள்லயா?"

முதல் மாதம் வகுத்தார்கள். இருபத்துமூன்று! கண்ணாடிக்காரருக்குத் தலைகால் புரியவில்லை. அம்மணியும் பெருந்தன்மையாகத் தோல்வியை ஒப்புக்கொண்டாள்.

"நான்தாங்க தப்பா நினைச்சுட்டேன். இவ்வளவு குடுக்கிற வண்டியை வாசல்ல சும்மா நிறுத்தி வெக்கலாமா?"

அங்கேதான் பிடித்தது சனி. மறுநாளே அவள் ஓட்ட ஆரம்பித்தாள். வேலைக்குக் காரில். நீச்சல் வகுப்புக்குக் காரில். அக்கா வீட்டுக்கு வாரம் இரண்டு தடவை. கூட வேலை செய்கிற மூன்று பேரை வீடு வீடாகக் கொண்டு போய் விடுகிற தர்மகாரியம் வேறே. ஏசி ஐஸ்பெட்டி மாதிரி ஓடியது.

"ஏசி வேண்டாமேம்மா..."

"ஏன், வேற யாராவது டீசல் போடறாங்களா என்ன? டாங்க்ல இருக்கறதுதானே!"

கண்ணாடிக்காரர் பாடு திண்டாட்டம். அவள் ஓட்ட ஓட்ட இவர் ஊற்றவேண்டும். சொந்தச் செலவுக்கென்று வைத்திருந்த பணமெல்லாம் புகையாய்ப் போயிற்று. முதலில் சாயங்கால டீயை நிறுத்தினார். அப்புறம் பிஸ்கட். அப்புறம் முடிவெட்டிக்கொள்வதை. கடைக்கு வந்தவர்கள் இவர் தலையைப் பார்த்துவிட்டு, "வீட்டுல எல்லாரும் சௌக்கியமா?" என்று கவலையோடு விசாரித்தார்கள்.

மூன்றாவது மாதக் கடைசி. பயத்தில் கையை அடக்காமல் ஊற்றிவிட்டார். அம்மணி வகுத்தாள். விடை முப்பத்தொன்று.

"ஏங்க! கம்பெனி சொன்னதே இருபத்தேழுதானே?"

"நம்ம... நம்ம ஓட்டற பக்குவம்."

"அடேங்கப்பா! இதை எங்க அண்ணன்கிட்ட சொல்லியே ஆகணும்." சொல்லும்போதே போனைக் காதில் வைத்துவிட்டாள். "அண்ணே, நான்தான். உங்க மாப்பிள்ளை வண்டி முப்பத்தொண்ணு குடுக்குது! ஆமாண்ணே, அவர் வாயாலேயே சொல்றாரு. என்னது, உங்க வண்டியை வித்துட்டு இதையே வாங்கப் போறீங்களா? இன்னிக்கே முன்பணம் கட்டறீங்களா?"

கண்ணாடிக்காரர் கையைப் பிசைந்தார். மச்சான் நல்ல மனுஷன். சிறுகச் சிறுகச் சேர்த்து வாங்கிய வண்டியை வைத்திருக்கிறவர். அவருடைய வீடும் வேலை செய்யும் இடமும் எதிரெதிர்த் தெரு. நம்ம வீம்புக்கு அந்த மனுஷன் நஷ்டப்படுவதா? ஒரு நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். முடியவில்லை. போனைப் பிடுங்கினார்.

"மச்சான், வாங்காதீங்க! அது முப்பத்தொண்ணும் குடுக்கல, ஒரு மண்ணும் குடுக்கல! வெறும் பதினாறு! மீதியெல்லாம் நான் திருட்டுத்தனமா ஊத்தினது! டீ குடிச்சு ரெண்டு மாசமாச்சு மச்சான்! ஹலோ? மச்சான்? ஹலோ!"

சத்தமே இல்லை. போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார். திரை இருட்டாக இருந்தது. அம்மணி யாரையும் கூப்பிட்டிருக்கவே இல்லை.

அம்மணி சிரிப்பை அடக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்புறம் கையை நீட்டினாள். அவர் அசடு வழிந்துகொண்டே சாவியை வைத்தார்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"காலைல முக்கால்ல இருந்த முள்ளு, சாயங்காலம் காத்து பிடிச்சுட்டு வந்ததும் முழுசுல நிக்குது. எந்தக் காருங்க தானா டீசல் சுரக்கும்?"

"வண்டியை வித்துடுவியா?" ஜன்னல் வழியே காரைப் பார்த்தார்.

"எதுக்கு விக்கணும்? நல்லாத்தானே ஓடுது. எனக்குப் பிடிச்சுப்போச்சு. ஆனா ஒண்ணு, வீட்டுச் செலவுப் பணத்துல இனிமே டீசல் கிடையாது. நீங்களே போட்டுடுங்க."

"என்னால எப்படிம்மா முடியும்?"

"ஏன் முடியாது? கார் எவ்வளவு குடுக்கும்னு முதல் வாரமே தெரிஞ்சுபோச்சு. நீங்க எவ்வளவு குடுப்பீங்கன்னு தெரிஞ்சுக்கத்தான் எனக்கு மூணு மாசம் ஆச்சு."