சிமெண்ட் பையில் அட்டை போட்ட நூலகம்

எனக்குப் புத்தகம் என்றால் உயிர். அந்த உயிரைக் காப்பாற்றப் போய்த்தான் முப்பது பிள்ளைகளின் வாசிப்புக்கு நானே குழி தோண்டினேன்.

அப்போது செந்துறைக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சராக இருந்தேன். பிள்ளைகளே புத்தகத்தைத் தேர்ந்தெடுத்து, பிள்ளைகளே வாசிக்க வேண்டும், நடுவில் டீச்சர் வாயைத் திறக்கக் கூடாது என்று பயிற்சியில் சொல்லி அனுப்பினார்கள். (அது எனக்கு எவ்வளவு பெரிய தண்டனை என்று என் வீட்டுக்காரரைக் கேளுங்கள்.) கூடவே நாற்பது கதைப் புத்தகங்களும் வந்தன. வழவழப்பான தாள், பக்கம் பக்கமாகப் படம். முகர்ந்து பார்த்துக் கிறங்கிப் போனேன். அடுத்த நொடியே, கடலை உருண்டைப் பிசுக்கோடு இவற்றைத் தொடப்போகும் முப்பது ஜோடிக் கைகள் ஞாபகத்துக்கு வந்தன.

உடனே அட்டை போட முடிவு செய்தேன். நாங்கள் வீடு கட்டி முடித்திருந்த நேரம். காலி சிமெண்ட் பைகள், கெட்டித் தாளில், கொல்லையில் கிடந்தன.

"பிரவுன் ஷீட்டெல்லாம் நாலு நாள்ல கிழிஞ்சிரும். இதப் போடு, நம்ம பேரன் காலத்துக்கும் கிழியாது" என்றார் வீட்டுக்காரர்.

இரண்டு நாள் உட்கார்ந்து நாற்பதுக்கும் போட்டோம். தலைப்பு, படம் எதுவும் வெளியே தெரியாது. மேலே எண் மட்டும். அப்புறம் சட்டம் போட்டேன்: கை கழுவணும், எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டக்கூடாது, முக்கியமாகப் புத்தகத்தை முழுசாக விரிக்கவே கூடாது, பைண்டிங் விட்டுப்போகும்.

எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் பிள்ளைகள் எதை வைத்துத் தேர்ந்தெடுப்பார்கள்? அவரவர் வருகைப்பதிவு எண் எதுவோ அந்தப் புத்தகத்தையே தினமும் எடுத்தார்கள். நான் அதைச் 'சுயவிருப்பத் தேர்வு' என்று பதிவேட்டில் எழுதினேன். வாசிப்பு நேரத்தில் வகுப்பு அவ்வளவு அமைதி. சிமெண்ட் தூசியில் அங்கங்கே தும்மல், அவ்வளவுதான்.

நான்கு மாதம் போயிற்று. வட்டாரத்தில் ஒரே ஒரு பள்ளிக்குத் தனி வாசிப்பு அறையும் அலமாரி நிறையப் புத்தகங்களும் தரப்போகிறார்கள், அதிகாரி நேரில் பார்த்து முடிவு செய்வார் என்றார்கள். எனக்கு அந்த அறை வேண்டும். வெறி பிடித்த மாதிரி வேண்டும். "நமக்குத்தான் சார்" என்று தலைமையாசிரியரிடம் அடித்துச் சொன்னேன்.

அதிகாரி அம்மா வந்தார். நுழைந்ததும் ஒரு தும்மல். பிள்ளைகள் புத்தகத்தை இரண்டு விரல் அகலத்துக்குத் திறந்து, ஒற்றைக் கண்ணால் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் முன்வரிசைக் காவியாவிடம் குனிந்தார்.

"ஏம்மா, இந்தப் புத்தகம் உனக்கு ஏன் புடிக்கும்?"

"அது என் நம்பர் மேடம். பதினாலு."

"சரி, என்ன கதை?"

"தெரியல மேடம். ஓரமாத்தான் தெரியும். முழுசா விரிச்சா டீச்சர் வைவாங்க."

அவர் புத்தகத்தை வாங்கி, நடுப்பக்கத்தை நன்றாக விரித்து அவள் முன்னால் வைத்தார். இரண்டு பக்கத்தையும் அடைத்துக்கொண்டு, குளத்துக்குள் ஒரு யானை.

"ஐ! டீச்சர், யான! உள்ள யான இருக்கு டீச்சர்!"

நான்கு மாதம் கையில் வைத்திருந்தவள் அப்படிக் கத்தினாள். மற்றவர்களும் எழுந்து, "டீச்சர், என்னுதுல என்ன இருக்கு?" என்று பிடித்துக்கொண்டார்கள். என் மானம் கப்பலேறியது. அதைவிட, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்து எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"புத்தகத்த ரொம்பப் பத்திரமா வச்சிருக்கீங்க டீச்சர்" என்றார் அதிகாரி. "புள்ளைங்களும் கொஞ்சம் பாக்கட்டுமே."

அறை பக்கத்து ஊருக்குப் போனது. அன்று மதியமே, "அட்டையெல்லாம் கிழிங்கடா!" என்றேன். சத்தம் கேட்டுத் தலைமையாசிரியர், கூரைதான் விழுந்துவிட்டது என்று ஓடிவந்தார். வருடக் கடைசியில் பாதிப் புத்தகம் கந்தலாகிவிட்டது. ஆனால் காவியா, சத்துணவு அக்கா உட்பட அகப்பட்டவர்களையெல்லாம் நிறுத்தி யானைக் கதையை வாசித்துக் காட்டினாள்.

இன்றைக்கும் வீட்டில் டிவி ரிமோட்டுக்கு, சோபாவுக்கு என்று நான் உறை போட உட்கார்ந்தால் போதும், என் மகள் பக்கத்தில் வந்து குனிந்து, "அம்மா, உள்ள யான இருக்கா?" என்பாள். வீட்டுக்காரர் தும்முவார். நான் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுவேன்.