ஏழரை அங்குல விண்வெளி

நான் விண்வெளிக்குப் போய்வந்தவள், ஆரணியில் எங்கள் வீட்டுக் கட்டிலில் படுத்தபடியே. போனதில் ஒரு சிக்கலும் இல்லை. இறங்கியபோதுதான் அக்காவின் கல்யாணப் புடவைக்கே ஆபத்து வந்தது.

அப்போது இயற்பியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தேன். எடையில்லாத இடத்தில் உடம்பு என்ன ஆகும் என்று படிக்கப் படிக்கத் திறந்த வாய் மூடவில்லை. நாம் நிற்கும்போதெல்லாம் பூமி நம் ரத்தத்தைக் காலுக்கு இழுக்கிறது. இதயமும் ரத்தக் குழாய்களும் நம்மை ஒரு வார்த்தை கேட்காமல் அதை மேலே ஏற்றிக்கொண்டே இருக்கின்றன. விண்வெளியில் அந்த இழுப்பை உடம்பு உணர்வதில்லை. காலில் இருந்த நீர் மார்புக்கும் தலைக்கும் ஏறிவிடும். முகம் உப்பும், கால் இளைக்கும். ‘அடடா, தண்ணீர் கூடிப்போச்சு’ என்று உடம்பு ஏமாந்து கொஞ்சத்தை வெளியேற்றிவிடும். பூமிக்கு வந்து எழுந்து நிற்கும்போதுதான் பற்றாக்குறை தெரியும்.

இதைப் பூமியிலேயே ஆராய, தலைப்பக்கம் ஆறு டிகிரி தாழ்ந்த கட்டிலில் ஆட்களை நாள்கணக்காகப் படுக்க வைப்பார்களாம். நான் சும்மா இருப்பேனா? கணக்குப் போட்டேன். கால்மாட்டை ஏழரை அங்குலம் உயர்த்த வேண்டும். இரண்டு செங்கல், மேலே ஒரு பலகை. மூன்று நாள் பயணம். (பயணி, மருத்துவர், கட்டுப்பாட்டு அறை எல்லாம் நானே.)

“இன்னாடி இது, கல்யாண வூட்ல தலகீழா படுத்துகினு?” என்றாள் அம்மா.

“நான் இப்போ பூமிய சுத்திகினு இருக்கேம்மா.”

“சுத்து, சுத்து. சுத்திகினே இந்த வெங்காயத்த உரி.”

உரித்தேன். கண்ணீர் கன்னத்துக்கு வராமல் நெற்றிப் பக்கம் ஓடியது. நோட்டில் குறித்துக்கொண்டேன்.

அன்று மாலையே அரை மணிக்கு ஒருமுறை கழிவறை. உடம்பு ஏமாந்துவிட்டது! தலை உயரக் கூடாதே என்று தவழ்ந்து போனேன். (உண்மையான ஆராய்ச்சியில் அதற்கும் எழ விடமாட்டார்களாம். எங்கள் வீட்டில் விஞ்ஞானம் அவ்வளவு தூரம் வளரவில்லை.) முட்டி தேய்ந்ததால் மறுநாள் தண்ணீர் குடிப்பதையே நிறுத்தினேன். மூக்கு அடைத்துச் சாம்பாரில் ருசி தெரியவில்லை. “மூஞ்சி இன்னாடி ஊத்தப்பமாட்டம் கீது?” என்றாள் அம்மா. நான் புல்லரித்துப் போனேன். இரண்டு செங்கல் சொன்ன பொய்யை நம்பி ஓர் உடம்பு தன்னையே மாற்றிக்கொள்ளுமா!

மூன்றாம் நாள் விடியற்காலை அக்கா வந்து கட்டிலை உதைத்தாள். அவள் தறிக்காரி. தன் முகூர்த்தப் புடவையைத் தானே நெய்யப் போகிறவள். அதற்கான பாவு நூலை, அதாவது புடவையின் நீளவாட்டு இழைகளை, அன்று தெருவில் இழுத்து நீட்ட வேண்டும். இழைகளின் ஒரு முனையைக் கோத்த கோலை இழுத்துப் பிடிக்கப் பக்கத்து ஊர் முள்ளிப்பட்டிலிருந்து வரவேண்டியவருக்குக் காய்ச்சல்.

“ஏய் ராக்கெட்டு, எறங்கு. ஒரு கை கொறையுது. ஜல்தி!”

“இன்னும் ஒரு நாள் இருக்குதுக்கா...”

“இன்னிக்கு வுட்டா முகூர்த்தத்துக்குள்ள நெய்ய முடியாதுடி. பழைய பொடவய கட்டிகினு மணையில ஒக்காரட்டுமா?”

துள்ளி எழுந்து ஓடினேன். (மூளை இருப்பவர்கள் மெதுவாக எழுவார்கள்.) தெரு நீளத்துக்குச் சிவப்புப் பட்டு. அப்பா என் கையில் கோலைக் கொடுத்தார். “கெட்டியா புடி. அசையாத.”

அசையாதே! நடந்திருந்தாலாவது கெண்டைக்கால் சதை ரத்தத்தைப் பிழிந்து மேலே அனுப்பியிருக்கும். காதில் இரைச்சல். கண்ணெதிரே சிவப்பு சாம்பல் நிறமானது. என் ரத்தம் முழுக்கக் காலில் இறங்குவது புரிந்தது. காலை அசைத்தால் நான் பிழைப்பேன், பாவு தளரும். அந்த நிலையிலும் பயத்தைவிட வியப்புதான் பெரிதாக இருந்தது. புத்தகத்தில் இருந்தது அப்படியே நடக்கிறதே!

“அப்பா, இது வந்து ரத்த ஓட்டத்துல...” என்று விளக்கத் தொடங்கியதுவரை நினைவிருக்கிறது.

நான் சரிந்ததும் அக்கா பாய்ந்தாள். என் மீது இல்லை, கோலின் மீது. அது தரையைத் தொடுமுன் பிடித்துவிட்டாள். நான் தொட்டுவிட்டேன்.

“அடிப்பாவி, தங்கச்சிய வுட்டுட்டு கோல புடிக்கிற?” என்று அலறினார் எதிர்வீட்டு அக்கா.

“தங்கச்சி வுழுந்தா தானா ஏந்துப்பா. பாவு வுழுந்தா ஏந்துக்குமா?”

மருத்துவரீதியிலும் அவள் சொன்னது சரி. மட்டமாகக் கிடந்ததும் ரத்தம் தலைக்குத் திரும்பியது, சில நொடிகளில் கண் விழித்தேன். என் மேலே, வானத்துக்குப் பதிலாக, ஆயிரக்கணக்கான சிவப்பு இழைகள். அவற்றின் ஊடே சூரியன் வந்துகொண்டிருந்தது. எழுந்திருக்கவே மனமில்லை.

அறுந்தவை ஒரு கைப்பிடி இழைதான். அக்கா என்னைத் திட்டிக்கொண்டே அத்தனையும் முடிந்தாள். அந்தப் புடவையில்தான் மணையில் உட்கார்ந்தாள். அம்மா எனக்கு உப்புப் போட்டு எலுமிச்சைச் சாறு கொடுத்தாள். (விண்வெளியிலிருந்து இறங்குகிறவர்களும் முன்னதாக உப்பும் தண்ணீரும் எடுத்துக்கொள்வார்களாம். அந்தப் பக்கத்தை நான் பிறகுதான் படித்தேன்.)

இப்போதும் டிவியில் விண்வெளி வீரர்கள் திரும்பி வருவதைக் காட்டினால் வீட்டில் எல்லோரும் என்னைத்தான் பார்ப்பார்கள். கலத்திலிருந்து அவர்களைக் கைத்தாங்கலாக இறக்கி, நாற்காலியில் வைத்துத் தூக்கிப்போவார்கள். அக்கா ஒவ்வொரு முறையும் தலையாட்டிச் சொல்வாள்:

“வெவரமான ஜனங்க. பாத்தியா, எறங்கின ஒடனே ஒருத்தர் கையிலயும் கோல குடுக்கல.”