இரண்டு நட்சத்திரச் சபை

கர்த்தருக்குள் பிரியமான சம்பந்தி அருள் அவர்களுக்கு,

காஞ்சிபுரம் செவிலிமேட்டிலிருந்து ராமராஜன் கைகூப்பி எழுதுவது. நான், என் மனைவி, உங்கள் வருங்கால மருமகள் ஏஞ்சல் மூவரும் தேவகிருபையால் சுகம். என் மானம் மட்டும் சற்றுச் சுகமில்லாமல் இருக்கிறது. போனில் சொன்னால் நடுவில் சிரித்துவிடுவீர்கள் என்றுதான் கடிதம்.

"பொண்ணு வீட்டுப் பக்கம் எந்தச் சபையில கல்யாண ஓலை வாசிப்பீங்க?" என்று நீங்கள் கேட்டதும் லைன் போனது அல்லவா, அது டவர் கோளாறு இல்லை, நான்தான் கட் செய்தேன். மூன்று ஞாயிறு சபையார் முன்னால் கல்யாண அறிவிப்பு வாசிக்க வேண்டுமென்றால் ஏதாவதொரு சபையில் என் பெயர் இருக்கவேண்டும். நான் எந்தச் சபை என்பது எனக்கே தெரியாது.

நான் பட்டுக்கடை சேல்ஸ்மேன் என்பது உங்களுக்குத் தெரியும். மலைபோலப் புடவையைப் பிரிக்கவைத்து, "வாங்கலைங்க, சும்மா எடுத்துக் காட்டுங்க" என்று சொல்லி, கடை ஜூஸை மட்டும் குடித்துவிட்டுப் போகிறவர்களை வாய்க்குள் திட்டியே வயதானவன். ஞாயிற்றுக்கிழமை வந்தால் நானே அந்த கஸ்டமர். ஐயம்பேட்டையில் எங்கள் பழைய சபையில் ஃபேன் கடகடவென்று கத்துகிறது, பிரசங்கம் நீளம் என்று போவதை நிறுத்தினேன். நிறுத்தியதோடு விட்டேனா, செல்போனில் அந்தச் சபைக்கு இரண்டு நட்சத்திரம் போட்டு, 'ஆண்டவர் இருக்கிறார், பார்க்கிங் இல்லை' என்று எழுதியும் வைத்தேன். பிறகு ஏ.சி. போட்ட சபைக்குப் போனேன். குளிரில் ஜெபம் வரவில்லை, தும்மல்தான் வந்தது. பாட்டுக்குப் பேர்போன சபையில் நிற்கவைத்தே பாடியதில் முழங்கால் போயிற்று. ஆசீர்வாதம் நிச்சயம் என்ற சபையில் ஒரு மாதம் பார்த்தேன், சம்பளம் உயரவில்லை, மாற்றித் தருவார்களா என்று கேட்காத குறை. கடைசியில் மொபைலிலேயே ஆராதனை. பிரசங்கத்தை வேகமாக ஓடவிட்டு, காணிக்கை நேரத்தைத் தள்ளிவிட்டு, இட்லி ஆறுவதற்குள் ஆமென் சொல்லிவிடுவேன்.

"உங்க கடையில புடவை கிடைச்சுடும்பா, ஓலை வாசிக்க சபை கிடைக்குமா?" என்று ஏஞ்சல் அழுதுகொண்டே கேட்டாள். சம்பந்தி, என் சொகுசுக்காக மகளைக் கேட்பாரற்று நிறுத்திவிட்டேனே என்று என்மேலேயே ஆத்திரம் வந்தது.

சனிக்கிழமை ஷேர் ஆட்டோ பிடித்து ஐயம்பேட்டைக்குப் போனேன். அங்கே போதகர் அனு அம்மா நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார். என் தங்கை வயதுகூட இருக்காது.

"வாங்கண்ணே, நீங்கதானே அந்த ரெண்டு ஸ்டார்? உட்காருங்க. ஃபேனை மாத்திட்டோம்."

புது ஃபேன் சத்தமே இல்லாமல் சுற்றியது. பழைய ஃபேன் இருந்திருந்தால் என் குரல் நடுங்கியதாவது கேட்டிருக்காது.

"சபைப் பதிவேட்டுல என் பேரை அடிச்சிருப்பீங்களேம்மா?"

"கஸ்டமர் எடுக்காம போனா புடவையை இன்னா பண்ணுவீங்க?"

"மடிச்சு வச்சுடுவேம்மா."

"நாங்களும் மடிச்சுத்தான் வச்சிக்கினு இருக்கிறோம். நாளைக்கு வந்துடுங்க, முதல் ஓலையை வாசிச்சுடலாம்."

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அங்கேயே அழுதுவிட்டேன். எந்தச் சபை என்று இப்போது தலைநிமிர்ந்து சொல்வேன்: ஐயம்பேட்டை. நேற்று ஞாயிறு, முதல் ஓலையை வாசித்தாயிற்று. இனி நான் கஸ்டமர் இல்லை, அந்த வீட்டு ஆள். உயிருள்ளவரை வேறு வாசல் மிதிக்கமாட்டேன்.

சம்பந்தியம்மாவுக்கும் மாப்பிள்ளைக்கும் எங்கள் தோத்திரம் சொல்லவும். ஆண்டவர் உங்கள் வீட்டைச் சமாதானத்தால் நிரப்புவாராக.

இப்படிக்கு,
வெட்கமும் நிம்மதியும் கலந்த
ராமராஜன்

பின்குறிப்பு: இரண்டு நட்சத்திரத்தை நாலாக்கிவிட்டேன். ஐந்து போடக் கை வரவில்லை, பிரசங்கம் இன்னும் நீளம்தான். அப்புறம், கல்யாணத்தை மாப்பிள்ளை வீட்டுச் சபையிலும் வைக்கலாம் இல்லையா? உங்கள் சபையில் ஏ.சி. உண்டா? பார்க்கிங் எப்படி? பிரசங்கம் எத்தனை நிமிடம்? வாங்கலைங்க, சும்மா எடுத்துக் காட்டுங்க.