ஓட்டையில்லாப் பிணங்கள்

அந்த ஊரில் சினிமா பார்த்துவிட்டு வருகிறவரிடம் படம் எப்படி என்று கேட்கும் வழக்கம் ஒழிந்து போயிருந்தது. "எத்தனை ஓட்டை?" என்றுதான் கேட்பார்கள். கதையில் எங்கெல்லாம் லாஜிக் இடிக்கிறதோ, அதெல்லாம் ஓட்டை. தேம்பித் தேம்பி அழுதுகொண்டு வெளியே வந்தவர்கூட மூக்கைச் சிந்திவிட்டு, "பதினாலு" என்பார். பத்துக்குக் குறைவாகச் சொன்னவர்களைப் படிப்பு வாசனை இல்லாதவர்கள் என்று ஒதுக்கினார்கள்.

மக்களின் இந்த மனக்குறை அரசாங்கத்தின் காதுக்கு எட்டியது. உரிய பரிசீலனைக்குப் பிறகு 'திரைக்கதை ஓட்டை தடுப்பு ஆணையம்' நிறுவப்பட்டது. ஓட்டையின்மைச் சான்று இல்லாமல் எந்தப் படமும் வெளிவரக் கூடாது என்று உத்தரவாயிற்று. ஆணையத்துக்கு வேண்டிய ஊழியர்களைச் சாலைப் பள்ளங்களை மூடும் பிரிவிலிருந்து மாற்றிக்கொண்டார்கள். அந்தப் பிரிவில் அவர்கள் இல்லாத குறையை யாரும் கவனித்ததாகத் தகவல் இல்லை.

இந்த ஆணையத்தின் முன்னால்தான் கதாசிரியை ஒரு செவ்வாய்க்கிழமை மதியம் போய் உட்கார்ந்தாள்.

அவள் எண்ணூறு பகுதி ஓடிய டிவி தொடருக்கு வசனம் எழுதியவள். அந்த எண்ணூறிலும் மாமியார் மாடிப்படியிலிருந்து உருண்டுகொண்டே இருந்தாள். அலுத்துப் போய், ஆறு வருஷம் உட்கார்ந்து ஒரு பேய்ப்படம் எழுதினாள். பெயர் 'ஊரெல்லாம் கடி'. ஆஸ்பத்திரிச் சவக்கிடங்கில் பதினோரு பிணங்கள் எழுந்து வெளியே வருகின்றன. கடிபட்டவர்களும் செத்து எழுந்து மற்றவர்களைக் கடிக்கிறார்கள். மூன்று வாரத்தில் ஊர் காலி. ஒரு நர்ஸும் ஒரு லிப்ட் மெக்கானிக்கும் மட்டும் தப்பிக்கிறார்கள். கதையைக் கேட்டுவிட்டு, கதவு ஜன்னல் வியாபாரம் செய்துகொண்டிருந்த அவளுடைய தாய்மாமன் இரண்டு நாள் விளக்கை அணைக்காமல் படுத்தார். மூன்றாம் நாள், "நானே தயாரிக்கிறேன்" என்றார். அவளுடைய தம்பிதான் கேமராமேன். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை வெளியீடு. அதற்கு முந்தின புதனுக்குள் சான்று வராவிட்டால் தியேட்டர்களை வேறு படத்துக்குக் கொடுத்துவிடுவார்கள்.

ஆணையத் தலைவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டார்.

"செத்தவன் எழுந்திரிக்கிறான். அதுல எங்களுக்கு ஆட்சேபணை இல்ல. அது கற்பனை. கற்பனைக்குச் சட்டத்துல இடம் இருக்கு. மேல போவோம்."

அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவள் பயந்ததே அந்த ஒரு இடத்துக்குத்தான்.

சுகாதாரத் துறை உறுப்பினரான டாக்டர், வழுக்கைத் தலையைத் தடவியபடி கேட்டார். "பதினோரு பிணம் வெளிய வருது. யார் கையெழுத்து போட்டாங்க?"

"சார், அதுங்க பிணம். தானா எழுந்து வருதுங்க."

"பிணத்துக்குத்தாம்மா கையெழுத்து முக்கியம். உயிரோட இருக்கறவன் ஆஸ்பத்திரியிலேர்ந்து ஓடிப் போயிருக்கான், பார்த்திருக்கேன். சொந்தக்காரர், டாக்டர், போலீஸ், மூணு கையெழுத்து இல்லாம ஒரு பிணம் என் சர்வீஸ்ல வாசலைத் தாண்டினதில்ல. வாட்ச்மேன் எப்படி விட்டான்?"

"வாட்ச்மேனைத்தான் சார் முதல்ல கடிக்குதுங்க."

"அப்ப வாட்ச்மேன் அங்க இருந்தான்?"

"இருந்தான் சார்."

டாக்டர் தலைவரைப் பார்த்தார். தலைவர் எல்லாரையும் பார்த்தார். "மத்தியானம் ரெண்டரை மணிக்கு," என்றார் மெதுவாக, "வாட்ச்மேன் அவன் இடத்துல இருந்தான். ஓட்டை ஒண்ணு. எழுதிக்குங்க."

மின்வாரியப் பொறியாளர் முன்னால் சாய்ந்தார். "மூணு வாரத்துல ஊரே அழிஞ்சு போச்சு. அப்பவும் லிப்ட் ஓடுது."

"அந்த லிப்ட்லதான் சார் ரெண்டு பேரும் தப்பிக்கணும்."

"அதெல்லாம் சரிம்மா. நாங்க அத்தனை பேரும் உயிரோட இருந்து, வேலைக்கு வந்து, சீட்ல உக்காந்திருக்கிற நாள்லயே மூணு மணி நேரம் கரண்ட் கிடையாது. நாங்க எல்லாரும் செத்த பிறகு எப்படி இருபத்திநாலு மணி நேரமும் வருது? பார்க்கிறவங்க என்ன நினைப்பாங்க?"

அடுத்து ஓய்வு பெற்ற போலீஸ் அதிகாரி வாயைத் திறந்தார். அவர் முகம் வாடிப் போயிருந்தது. "நர்ஸ் கட்டுப்பாட்டு அறைக்குப் போன் பண்றா. ரெண்டாவது மணியிலயே எடுக்கிறாங்க. எடுத்து, 'என்னம்மா ஆச்சு, பதறாம சொல்லுங்க'ன்னு கேக்கறாங்க. சம்பவம் எந்த ஸ்டேஷன் எல்லைன்னு ஒரு வார்த்தை கேக்கல. முப்பத்தாறு வருஷம் அந்த இலாகாவுல உழைச்சவன் நான். மனசு புண்படுதும்மா."

அன்று மாலைக்குள் நாற்பத்தோரு ஓட்டைகள் அகப்பட்டன. உத்தரவு கையில் கிடைத்தது: 'மேற்படி திரைப்படத்தில் பிணங்களின் நடத்தை ஏற்கத்தக்கதாகவும், அலுவலர்களின் நடத்தை நம்பத்தகாததாகவும் காணப்படுவதால், பின்னதைத் திருத்தி மீளச் சமர்ப்பிக்குமாறு இதன்மூலம் அறிவுறுத்தப்படுகிறது.'

"மாமா, இவங்க சொல்றபடி மாத்தினா கதையே நகராது" என்றாள் கதாசிரியை.

"நகரலேன்னா போகுது. நமக்கு வேண்டியது சான்று. தள்ளுவண்டியா இருந்தாலும் தியேட்டர் வரைக்கும் போய்ச் சேரணும்" என்றார் மாமா.

பல்லைக் கடித்துக்கொண்டு நான்கே நாளில் மாற்றி எழுதினாள். இருக்கிற செட்டிலேயே எடுத்து முடித்தார்கள். புதிய கதையில் பிணங்கள் எழுகின்றன. வாட்ச்மேன் இல்லை. கேட் பூட்டியிருக்கிறது, சாவி வாட்ச்மேனிடம். எப்படியோ சுவர் ஏறிக் குதித்தால், உயிரோடிருப்பதற்கான சான்று இல்லாமல் நடமாடக் கூடாது என்கிறார்கள். சான்று வாங்க அலுவலகத்துக்குப் போகின்றன. டோக்கன் தருகிறார்கள். நாலாவது கவுண்டர் ஆறாவதுக்கு அனுப்புகிறது. ஆறாவது கவுண்டர் சாப்பிடப் போயிருக்கிறது. பதினோரு நாள் ஆகியும் ஒரு பிணம்கூட ஒரு மனுஷனைக் கடிக்கவில்லை. ஊர் பிழைத்துக்கொள்கிறது.

ஆணையத்தார் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. காட்சிக்குக் காட்சி தலையை ஆட்டினார்கள்.

"இப்பத்தான் படம் மாதிரி இருக்கு. ஊரைக் காப்பாத்தினதே நிர்வாகம்தான்னு அழகாச் சொல்லியிருக்கீங்க" என்றார் தலைவர்.

அவள் சான்றுக்குக் கை நீட்டினாள். விதி எண் ஒன்பதின்படி பொதுமக்கள் கருத்துக் காட்சி ஒன்று பாக்கி இருக்கிறது என்றார்கள்.

செவ்வாய் காலை நூற்றைம்பது பொதுமக்களை உட்கார வைத்துப் படம் போட்டார்கள். கதாசிரியை கடைசி வரிசையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஆனால் அரங்கம் அதிர்ந்தது. "இதே கவுண்டர்தான்! இதே அம்மாதான்!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார்கள். ஆறாவது கவுண்டர் சாப்பிடப் போனபோது விசில் பறந்தது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிறகு பிணங்கள் டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும் காட்சி வந்தது. சிரிப்பு மெல்ல அடங்கியது. கையில் குடையோடு இருந்த ஒரு பெரியவர் எழுந்தார்.

"ஒரு நிமிஷம் நிறுத்துங்க. ஒருத்தருமே முந்தலையே?"

"அதானே!" என்றாள் ஒரு பெண்மணி. "'ஒரே ஒரு சந்தேகம் கேட்டுட்டு வந்துடறேன்'னு சொல்லிட்டு ஒரு பிணம்கூட முன்னாடி போகலையே!"

"பதினோரு பிணத்துல ஒண்ணுக்குக்கூடவா உள்ள தெரிஞ்சவங்க இல்ல?"

"எவன் சார் இப்படி நிப்பான்? எங்களைப் பார்த்தா முட்டாளாத் தெரியுதா?" என்று பெரியவர் குடையை ஆட்டினார். நூற்றைம்பது பேரும் ஒரே குரலில் லாஜிக் இல்லை என்றார்கள். ஓட்டை நாற்பத்திரண்டு என்று ஆணையம் அங்கேயே பதிவு செய்தது. மக்களும் நிர்வாகமும் ஒரு விஷயத்தில் ஒத்துப் போனது அந்த ஊரில் அதுவே முதல் தடவை என்று தலைவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மறுநாள்தான் கெடு. காலையில் திருத்த விண்ணப்பத்தை நேரில் கொடுக்க வேண்டும். நாளொன்றுக்கு நாற்பது டோக்கன்தான். திருத்திய காட்சியை மூன்று மணிக்குக் காட்ட வேண்டும்.

"நம்ம துணை நடிகர்கள் தள்ளச் சொன்னா 'சாரி சார்'னு சொல்லிட்டுத் தள்றாங்க" என்றான் தம்பி. "நிஜக் கூட்டம் எப்படித் தள்ளுதுன்னு எடுத்துக் காட்டினாத்தான் அவங்களுக்குப் புரியும். ஆணையத்துக்கு எதிர்ல செருப்புக் கடை மாடியில கேமராவை வச்சுக்கறேன்க்கா."

"எதையாவது பண்ணு. எனக்கு விண்ணப்பம் கொடுக்கணும்" என்றாள்.

புதன் காலை ஏழு மணிக்கு அவள் போனபோதே கேட்டுக்கு முன்னால் இருநூறு பேர் இருந்தார்கள். குடைக்காரப் பெரியவரும் இருந்தார். படம் பார்த்ததற்கான பார்வையாளர் சான்று வாங்க வந்திருந்தார். "மரியாதையா வரிசையில நில்லுங்கம்மா" என்று அவளுக்குப் புத்தி சொன்னார். அவளும் அப்படித்தான் தீர்மானித்திருந்தாள். படித்தவள்; கௌரவமானவள்.

பத்து மணிக்குக் கேட்டின் ஒரு கதவு பாதி திறந்தது. பெரியவரின் குடை அவள் விலாவில் இறங்கியது. பின்னாலிருந்து யாரோ அவள் தோளை ஏணியாக நினைத்தார்கள். வெள்ளிக்கிழமை, தியேட்டர்கள், ஆறு வருஷம் எல்லாம் அவள் கண்முன் வந்தன. இரண்டு கையும் தேவைப்பட்டதால் விண்ணப்பக் கோப்பை வாயில் கவ்விக்கொண்டாள். அதற்குப் பிறகு நடந்தது அவளுக்குச் சரியாக நினைவில்லை. உள்ளே போய்ச் சேர்ந்தபோது கையில் முப்பத்தொன்பதாம் டோக்கன் இருந்தது. இன்னொரு கையில் யாருடையதோ சட்டைப் பொத்தான் இருந்தது. வெட்கமாக இல்லை. பெருமையாக இருந்தது.

மூன்று மணிக்குத் தலையை வாரிக்கொண்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு ஆணையத்தின் முன்னால் உட்கார்ந்தாள். தம்பி காதில் கிசுகிசுத்தான்.

"அக்கா, நடிகர்களை வச்சு எடுக்க நேரமில்ல. காலையில எடுத்ததையே சேர்த்துட்டேன். திட்டாத."

விளக்கு அணைந்தது. திரையில் கேட் திறந்தது. இருநூறு வாய்கள், நானூறு கைகள். ஒருவர் முதுகில் ஒருவர் ஏறினார்கள். மின்வாரியப் பொறியாளர் காலைத் தூக்கி நாற்காலிமேல் வைத்துக்கொண்டார். போலீஸ் அதிகாரி, "ஐயோ" என்றார். 'ஊரெல்லாம் கடி' படத்தைப் பார்த்து அவர்கள் பயந்தது அன்றைக்குத்தான்.

விளக்கு எரிந்த பிறகுதான் பொறியாளர் காலைக் கீழே இறக்கினார்.

"மேக்கப் யாரு?" என்றார் தலைவர், தண்ணீர் குடித்துவிட்டு. "விருதுக்கு நானே சிபாரிசு பண்றேன். அந்த முன்வரிசையில வாயில கோப்பைக் கவ்விக்கிட்டு வந்துதே ஒரு பெண் பிணம்! கண்ணுல பொட்டு உயிர் இல்ல. யாரும்மா அந்தப் பொண்ணு?"

நாலடி தூரத்தில் உட்கார்ந்திருந்த அவளை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

"புதுமுகம் சார்" என்றாள்.

"அதுக்குப் பின்னாடியே வந்துதே, அந்த வழுக்கைத் தலைப் பிணம்? வருகைப் பதிவேடு, வருகைப் பதிவேடுன்னு உறுமிக்கிட்டு! அது அதைவிடப் பிரமாதம்."

டாக்டர் இருமினார். சான்றை முதலில் தன் பக்கம் இழுத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார். மற்றவர்கள் இன்னும் பிணங்களைப் பாராட்டிக்கொண்டிருந்தபோது, தலை நிமிராமல் அவளிடம் கேட்டார்.

"அந்தக் குடைக்காரப் பெரியவருக்கு ஒண்ணும் ஆகலையே?"

"ஒண்ணும் ஆகல சார்" என்றாள் அவளும் தாழ்ந்த குரலில். "நம்ம ரெண்டு பேர் மேலயும் ஏறிப் போய் முப்பத்தெட்டாம் டோக்கனை வாங்கிட்டார்."

'ஓட்டை ஏதுமில்லை' என்று எழுதி டாக்டர் கையெழுத்துப் போட்டார்.