என் கால் பெருவிரலும் ஊரார் வைத்தியமும்

நான் கோபக்காரன். இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கட்டுரை முழுக்க யாரையாவது திட்டிக்கொண்டேதான் இருக்கப் போகிறேன். முதல் திட்டு எங்கள் விருதுநகர்ப் பக்கத்து ஜனங்களுக்கு. இங்கே ஒருவன் நொண்டி நடந்தால், எதிரே வருகிற பத்துப் பேரில் ஒருவர்கூட டாக்டரிடம் போனாயா என்று கேட்க மாட்டார். பத்துப் பேருமே டாக்டர்கள். டீக்கடையில் வடை போடுகிறவர் கசாயம் சொல்வார். மல்லாங்கிணறு பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் பத்தியம் சொல்வார். நோயாளி என்று பார்த்தால் நான் ஒருத்தன்தான்.

ஆறேழு வருடத்துக்கு முந்தைய கதை. ஒரு நாள் காலையில் எழுந்தால் வலது கால் பெருவிரல் தக்காளிப் பழம் மாதிரி வீங்கிக் கிடந்தது. போர்வை நுனி பட்டாலே உயிர் போனது. விருதுநகரில் ஒரு டாக்டர் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, யூரிக் ஆசிட் கூடிவிட்டது, இதற்குக் கவுட் என்று பெயர் என்றார். வீக்கம் வற்ற ஒரு மாத்திரை, வற்றிய பிறகு தினமும் போட ஒரு மாத்திரை எழுதினார். ஈரல், சுவரொட்டி என்று ஆட்டின் உள்ளுறுப்புக் கறி எல்லாம் நிறுத்து, தண்ணீர் நிறையக் குடி என்றார். பத்து நாளில் வீக்கம் வற்றியது. கூடவே என் புத்தியும் வற்றிவிட்டது. சாகும்வரை மாத்திரையா என்று டாக்டர் மேல் கோபம் வந்தது.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் என் மனைவியின் தம்பி முருகேசன். விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கிறான். பாதி நாள் வத்தல் வியாபாரம், மீதி நாள் செல்போனில் வைத்திய வீடியோ. "மச்சான், அந்த மாத்திரை கிட்னியைத் தின்னுரும். நாம இயற்கையாப் போயிருவோம்" என்றான். (என்னவோ அவனுக்கும் சேர்த்து வலிக்கிற மாதிரி ‘நாம’.)

இயற்கையாகப் போனோம். பருப்பு ஆகாது என்று ஒரு வீடியோவில் சொன்னார்களாம். ஊரே பருப்பு வியாபாரத்தில் நிற்கிறது, என் வீட்டில் சாம்பாரை நிறுத்தினார்கள். மூட்டுக்கு பலம் வேண்டும் என்று சாம்பாருக்குப் பதில் தினமும் ஆட்டுக்கால் சூப். காலையில் வாழைத்தண்டுச் சாறு, இரவு முடக்கத்தான் தோசை. இதெல்லாம்கூடப் பரவாயில்லை. வெளிநாட்டில் செர்ரிப் பழம் தின்றுதான் யூரிக் ஆசிட்டை விரட்டுகிறார்கள் என்று ஒரு நாள் கண்டுபிடித்தான். செர்ரிக்கு எங்கே போவது? பேக்கரிக்குத்தான். கேக் மேல் வைப்பார்களே, சிவப்பாக, பிசுபிசுவென்று, அதில் ஒரு கிலோ. ஐம்பது வயதுக்காரன், தட்டில் போட்டு ஸ்பூனால் அள்ளித் தின்றேன். இப்போது நினைத்தாலும் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது.

கடைசியாக வந்தது செம்பு வளையம். செம்பு யூரிக் ஆசிட்டை உறிஞ்சி எடுத்துவிடும் என்று சொல்லி, கனமான கம்பியில் வளைத்துக்கொண்டு வந்து, வீக்கம் இல்லாத ஒரு நல்ல நாளில் முருகேசன் தன் கையாலேயே என் கால் பெருவிரலில் மாட்டிவிட்டான்.

இங்கே என் உத்தியோகத்தைச் சொல்ல வேண்டும். சிவகாசி ரோட்டில் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் போர்மேன். காலையில் கேட்டில் நின்று, உள்ளே வருகிற ஒவ்வொருவரையும் சோதிப்பது என் வேலை. தீப்பெட்டி கூடாது, செல்போன் கூடாது, நைலான் சேலை கூடாது. ஊக்கு, ஹேர்பின், கொலுசு என்று உலோகம் எதுவும் கூடாது. வெடிமருந்து அடைக்கிற அறைக்குள் செருப்புகூடக் கிடையாது, எல்லோரும் வெறுங்கால்தான். ஒரு பொறி போதும், அறையில் இருக்கிற நான்கு பேரையும் அள்ளித்தான் எடுக்க வேண்டும்.

சோதனையில் நான் ஈவு இரக்கம் பார்த்ததில்லை. இரண்டு மாதத்துக்கு முன்னால்தான் பாண்டியம்மா என்ற பெண்ணைத் திருப்பி அனுப்பியிருந்தேன். பத்து வருடமாக மருந்து அடைக்கிறவர். ஊர்ப் பொங்கலுக்கு மாட்டிய மெட்டியைக் கழற்ற மறந்து வந்துவிட்டார். கேட்டில் வைத்து இழுத்துப் பார்த்தார், வரவில்லை. புருஷன் இருக்கிறவள் மெட்டியைக் கழற்றுவது அவர்களுக்கு எப்படிப்பட்ட விஷயம் என்று தெரிந்துகொண்டே, ஐம்பது பேர் முன்னால், "கழட்டிட்டு நாளைக்கு வா, இன்னைக்கு வேலை கிடையாது" என்று கத்தினேன். விதியைச் சொன்னது சரி, கத்தியது என் திமிர்.

வளையத்தை முதல் நான்கு நாள் கேட்டுக்கு வெளியிலேயே கழற்றிச் சாப்பாட்டுப் பையில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன். ஐந்தாம் நாள் காலையில் விரல் மறுபடி வீங்கிவிட்டது. ஆட்டுக்காலும் செர்ரியும் வேலையைக் காட்டிவிட்டன என்று இப்போது தெரிகிறது. அன்று தெரிந்ததெல்லாம், வளையம் சதைக்குள் புதைந்துவிட்டது, கழற்ற வரவில்லை என்பதுதான். எண்ணெய் போட்டாயிற்று, சோப்பு போட்டாயிற்று. லீவு போடுங்க என்றார் மனைவி. தீபாவளி சீசன், லோடு ஏறுகிற நேரம், போர்மேன் லீவு போட்டால் கம்பெனி நின்றுவிடாதா? (நிற்காது. இது பிறகு நிரூபணமானது.) எருக்கிலையை வாட்டி, வளையத்தையும் சேர்த்து விரலில் வைத்துத் துணியால் கட்டிக்கொண்டு கிளம்பினேன். போர்மேனை யார் சோதிப்பார்கள்?

கேட்டில் நின்று எல்லோரையும் சோதித்தேன். பத்து மணி வாக்கில் மருந்து அறைக்குப் போனேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நொண்டிக்கொண்டே உள்ளே கால் வைத்தேன், நிலைப்படியில் விரல் இடித்தது. அலறிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். பாண்டியம்மாதான் ஓடி வந்தார். கட்டு இறுக்கமாக இருக்கு, அதான் வலிக்குது என்று சொல்லிக்கொண்டே துணியை அவிழ்த்தார். இலை விழுந்தது. வளையம் பளபளவென்று தெரிந்தது.

அவர் சத்தம் போடவில்லை. எழுந்து, மற்ற மூன்று பெண்களையும் கையிலிருந்ததைக் கீழே வைக்கச் சொல்லி, மெதுவாக வெளியே அனுப்பினார். என்னையும் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து வேப்பமரத்தடியில் உட்கார வைத்தார். அதற்குப் பிறகுதான் கேட்டார்.

"என்னண்ணே இது?"

"யூரிக் ஆசிட்டுக்கும்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

"தாலிக்கு அடுத்து நான் மதிக்கிற மெட்டியக் கழட்டச் சொன்னீக. கழட்டுனேன். அன்னையிலருந்து போடல. நீங்க விரலு வலிக்கு இம்புட்டுத் தண்டி கம்பியப் போட்டுக்கிட்டு மருந்துக்குள்ள வந்து நிக்கீக. எங்க நாலு பேரு வீட்டுலயும் பிள்ளைக இருக்குண்ணே."

எனக்கு அதுவரை கோபம்தான் தெரியும், பயம் தெரியாது. அன்று தெரிந்தது. அந்த நான்கு பேரையும் நான் கொன்றிருப்பேன். செர்ரியும் சூப்பும் சிரிக்கிற விஷயம், இது இல்லை.

மேனேஜர் வந்தார். அவர் திட்டியதை அச்சில் போட முடியாது. அங்கேயே வளையத்தை வெட்டலாம் என்றால், ரம்பத்தைக் கம்பெனிக்குள் கொண்டுவரக் கூடாது என்று விதி. (எழுதி ஒட்டியது நானேதான்.) கேட்டுவரை ஒற்றைக் காலில் குதித்துப் போய், ஆட்டோ ஏறி, விருதுநகரில் ஒரு நகை ஆசாரியிடம் போய்ச் சேர்ந்தேன். கால் விரல் வளையத்தை வெட்ட வேண்டும் என்றதும், அவர் எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்து, வீட்டம்மா வரலையா என்று கேட்டார். காலைத் தூக்கிக் காட்டினேன். வெட்டி முடிக்கிறவரை தலையை நிமிர்த்தாமல் குலுங்கிக்கொண்டிருந்தார்.

அடுத்தது டாக்டர். மாத்திரையை நிறுத்தியதற்கு ஒரு திட்டு, தினமும் ஆட்டுக்கால் சூப் குடித்ததற்கு இரண்டு திட்டு. செர்ரி விஷயத்தைக் கேட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அது செர்ரியே இல்லையாம். களாக்காயில் சாயம் ஏற்றிச் சீனிப்பாகில் ஊறவைத்ததாம். சீனி கூடினாலும் யூரிக் ஆசிட் கூடுமாம். சாம்பாரை எவன் நிறுத்தச் சொன்னது, தாராளமாகச் சாப்பிடு என்றார். முடக்கத்தான் தோசை ருசியாக இருந்தால் தின்னு, ஆனால் மாத்திரையோடு தின்னு என்றார்.

பதினைந்து நாள் சஸ்பெண்ட் செய்தார்கள். வேலை மொத்தமாகப் போய்விடும் என்றுதான் நினைத்தேன். பதினாறாம் நாள் மேனேஜர் என்னையும் பாண்டியம்மாவையும் நிற்க வைத்து, இவரை வைத்துக்கொள்ளலாமா என்று அவரிடமே கேட்டார். மகள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நேரம், கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். "சோதனை போடுறதுல அண்ணன் கெட்டிக்காரருதான், இருக்கட்டும். ஆனா அவரையும் ஒரு ஆளு சோதிக்கணும். நானே சோதிக்கேன்" என்றார் பாண்டியம்மா.

அன்றிலிருந்து தினமும் காலையில், கேட்டில் முதல் சோதனை எனக்கு. ஸ்டூலில் காலைத் தூக்கி வைக்க வேண்டும். பாண்டியம்மா குனிந்து ஐந்து விரலையும் விரித்துப் பார்த்துத் தலையாட்டினால்தான் நான் மற்றவர்களைச் சோதிக்கலாம். மழைநாளிலும் விடமாட்டார். கோபமாகத்தான் நிற்கிறேன், ஆனாலும் காலைத் தூக்கி வைக்கத் தவறியதில்லை.

போன வருடம் மகளுக்குக் கல்யாணம். அம்மியில் கால் வைத்து மாப்பிள்ளை மெட்டி போடுகிற நேரம், மண்டபமே அமைதியாக இருந்தது. முன்வரிசையில் கம்பெனிப் பெண்களோடு உட்கார்ந்திருந்த பாண்டியம்மா நிதானமாகச் சொன்னார்.

"மாப்பிள்ளை, பொண்ணோட நிறுத்திக்கோங்க. மாமனாருக்குப் போட்டுறாதீக. நாளைக்குக் கேட்டுல நான்தான் கழட்டணும்."

மண்டபம் சிரித்து ஓய ஐந்து நிமிடம் ஆனது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் முருகேசன். அவனை மட்டும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.