நீட்டையா வளர்த்த கால்

"உங்க அப்பாவுக்கு எந்தக் கால் குட்டை?"

வரிசையில் எனக்கு முன்னால் நின்ற அம்மாள் ஒருமுறை என்னைக் கேட்டார். போன மாதம் வரை அப்பாவுக்கு இரண்டும் ஒரே அளவுதான்.

மூடிப்போன நாற்காலிக் கடையில் அந்தக் கூத்து. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய வயதானவர்கள் எல்லாரும் அங்கேதான். சிலருக்கு மணிக்கட்டில் இன்னும் மருத்துவமனைப் பட்டை. வீட்டுக்குக்கூடப் போகவில்லை போலும். படுத்துக் கிடந்தால் உடம்பு ஒரு பக்கம் சுருங்குமாம். அங்கே உட்கார்ந்திருக்கும் மகான் ஒருவர் இழுத்தால் நீளுமாம். அதனால் அவர் பெயர் நீட்டையா. வாராவாரம் கால் வளர்ந்தது. எங்கள் பர்ஸ் சுருங்கியது.

அப்பாவுக்கு இடுப்பு எலும்பில் அறுவை. "தினமும் வாக்கரைப் பிடிச்சு நடக்கணும். படுத்தே கிடந்தா அப்புறம் நடக்கவே முடியாது" என்றார் டாக்டர். "கால் சமமாகிற வரைக்கும் தரையில ஊனக் கூடாது" என்றார் நீட்டையா. எது நோகாதோ அதை அம்மா நம்பினாள். வீடு தேடி வந்த பிசியோவை வாசலோடு திருப்பி அனுப்பினாள். அப்பாவின் தொடை மெலிந்தது. வாக்கரில் துணி காய்ந்தது.

ஆஸ்பத்திரியில் அப்பாவுக்குப் பக்கத்துக் கட்டிலில் கிடந்த மாமா, அவரைப் பார்க்க வந்தார். துணியை உதறிப் போட்டுவிட்டு வாக்கரை வண்டியில் ஏற்றினார். "நீட்டையாகிட்ட நானும் வரேன். எனக்கும் ஒரு கால் மக்கர்தான்." அப்பா ஏனோ இருமினார்.

அங்கே எல்லாருக்கும் தொளதொளப் பூட்ஸ் மாட்டிவிடுவார்கள். மாமாவின் குதிகால்களைச் சேர்த்துப் பிடித்தார் நீட்டையா. "இடது குட்டை." கண்ணை மூடினார். நடுங்கினார். இழுத்தார். சமம். கூட்டம் உச்சுக்கொட்டியது.

"எவ்வளவு வளர்ந்துச்சுங்க?" என்றார் மாமா.

"ரெண்டு விரக்கடை. எலும்பு, நரம்பு, சதை எல்லாம்."

"சதையுமா?"

"சூடு தெரியலையா?"

மாமா பேண்ட்டைச் சுருட்டி, வாரை அவிழ்த்து, இடது காலைக் கழற்றி நீட்டையா மடியில் வைத்தார். அலுமினியக் குழாய், பிளாஸ்டிக் பாதம்.

"இன்னும் கொஞ்சம் வளர்த்து வைங்க. சாயங்காலம் வந்து வாங்கிக்கிறேன்."

பிறகு அந்த வரிசை அம்மாள் சொன்னார்: "பிளாஸ்டிக்கையே வளர்த்துட்டாரே. எலும்பு எம்மாத்திரம்."

கூட்டம் தலையாட்டியது. நீட்டையாவுக்கு உயிர் வந்தது.

"அப்போ பூட்ஸ் இல்லாம வளர்த்துக் காட்டுங்க" என்றார் மாமா. "ஒரு பூட்ஸைக் கொஞ்சம் வெளிய இழுத்தா அடுத்த கால் குட்டை. உள்ள தள்ளினா சமம். அவ்வளவுதானே?"

"வெறுங்கால்ல சக்தி தங்காது."

"அப்போ பூட்ஸ் தைச்சவன்தான் மகான்."

நான் குனிந்து அப்பாவின் பூட்ஸைக் கழற்றினேன். குதிகால்களைச் சேர்த்து வைத்தேன். இரண்டும் ஒரே அளவு. நீட்டையா தொடவே இல்லை. கூட்டம் எட்டிப் பார்த்தது. ஒவ்வொருவராகத் தங்கள் பூட்ஸைக் கழற்ற ஆரம்பித்தார்கள். நீட்டையா மடியில் இருந்த காலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

நோயாளியை வீட்டுக்கு அழைத்து வந்தோம், சரி. மூளையை ஆஸ்பத்திரியிலேயே மறந்துவிட்டோமா என்று அவரவர் போய்த் தேடிப் பார்க்கலாம்.

"ஊனாதீங்க" என்றாள் அம்மா, பழக்கத்தில்.

அப்பா அவளைப் பார்த்தார். தன் குதிகால்களைப் பார்த்தார். வாக்கரை இழுத்துப் பிடித்து, நடுங்கி, எழுந்தார். மாமா உதறியும் விழாத காலுறை ஒன்று அதில் ஆடிக்கொண்டிருக்க, வெளியே நடந்து போனார்.